ஒரு மணி நேரத்தில் அடுத்தவர்

லண்டன்
நவம்பர் 16

அன்புள்ள ஹவெலுக்கு,

நேற்று நீ போனில் கத்தியதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. மீதியைக் கேட்பதற்குள் வைத்துவிட்டாய். அப்புறம் எத்தனை முறை அடித்தும் நீ எடுக்கவில்லை. சரி, கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாதே! கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு பார்வையாவது பார்ப்பாய். உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான், எனக்குத் தெரியாதா?

ஆமாம், டிவியில் நீ பார்த்தது என்னைத்தான். பழைய பிரதமர் வீட்டைக் காலி செய்து போகும்போது வரிசையில் நின்று கைதட்டியதும் நான்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டதும் நான்தான். "அந்த ஆளுக்கா அழுதே? நம்ம ஊரு இரும்பு உலைய அணைச்ச ஆளுக்கா?" என்று கேட்டாய். அந்த ஒரு கேள்வி மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது.

இந்த வீட்டு வழக்கம் அது, ஹவெல். தேர்தலில் தோற்றவர் கடைசியாக வெளியே போகும்போது, பெரிய அதிகாரிகளிலிருந்து பாத்திரம் கழுவுகிறவர் வரை எல்லோரும் நடையின் இரண்டு பக்கமும் நின்று, வாசல்வரை கைதட்டி அனுப்ப வேண்டும். அவர் அரசரிடம் போய் ராஜினாமாவைக் கொடுப்பார். ஒரு மணி நேரத்தில் ஜெயித்தவர் வந்துவிடுவார். அதே நடை, அதே வரிசை, அதே கைகள். நடுவில் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நிற்க வேண்டும். நேற்றுச் சமையல்காரி பெட்ரா அழுத கண்ணோடு சிரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தால் உனக்கே பாவமாக இருந்திருக்கும்.

கதவைத் திறப்பது என் வேலை. அதை வெளியிலிருந்து திறக்க முடியாது. நாட்டையே ஆள்கிறவராக இருந்தாலும், உள்ளே நிற்கிற நான் மனசு வைத்தால்தான் வீட்டுக்குள் வரலாம். இத்தனை வருஷமாக எத்தனையோ பேருக்குத் திறந்திருக்கிறேன். அழுதது இவர் ஒருவருக்குத்தான். அம்மா போனபோது அந்த மனிதர் தன் கையால் நாலு வரி எழுதிக் கொடுத்தார். "நெரிஸ், எங்க அம்மாவும் போன வருஷம்தான் போனாங்க. வேலையப் பத்திக் கவலப்படாம போய்ட்டு வாங்க" என்றார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று அம்மாதான் நமக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

புதியவர் வந்தார். கைதட்டல் காதில் விழாதவர்போல நேரே நடந்து போனார். "வணக்கம் சார்" என்றேன். ஒரு தலையசைப்புக்கூட இல்லை. பழையவருக்கு வாய் நிறையச் சர்க்கரை என்றால் இவருக்கு வாயில் கொழுக்கட்டை. நீங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியது இப்படி ஒருவரைத்தான். வைத்துக்கொள்.

கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போல வருகிறேன். உன் வீட்டுக்காரி மைரிடம் சொல்லி வை.

உன் அக்கா,
நெரிஸ்


அபர்மோர்
நவம்பர் 24

நெரிஸுக்கு,

கிழிக்கவில்லை. படித்தேன். படித்த பிறகு கிழித்திருக்கலாமோ என்று தோன்றியது.

உன்னை டிவியில் நான் மட்டும் பார்க்கவில்லை, தொழிலாளர் கிளப்பே பார்த்தது. ஆலையில் என்னோடு வேலை செய்கிற ட்ரெவர் படத்தை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு, "ஏம்ப்பா ஹவெல், உங்க அக்காவுக்கு என்ன துக்கம்? புருஷன் கிருஷன் செத்துட்டானா?" என்று கேட்டான். மறுநாள் போனால் என் மேஜைமேல் ஒரு டிஷ்யூ பெட்டி இருக்கிறது. "அக்காவுக்குப் பார்சல் பண்ணு" என்று அதன்மேல் எழுதியிருக்கிறது. நான் இந்த ஆலையின் சங்கச் செயலாளர். இருநூறு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வெளியே வந்தேன்.

உப்பிட்டவரை நினைக்கச் சொல்கிறாய். யார் வீட்டு உப்பு அது? அம்மாவுக்காக அவர் எழுதிய அந்த நாலு வரியோடு நீ செவ்வாய்க்கிழமை வந்தாய். ஓல்வென் உலையை மூட அரசுக்குச் சம்மதம் என்ற தாள் வியாழக்கிழமை வந்தது. கீழே இருந்த கையெழுத்து இரண்டிலும் ஒன்றுதான். அடக்கம் முடிந்து வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவன் நான். நீ அதற்குள் லண்டன் ரயிலில் ஏறிவிட்டாய்; நீ மறந்து வைத்துவிட்டுப் போன அந்த நாலு வரியைத் தபாலில் அனுப்பியதும் நான்தான்.

ஓல்வெனோடு பாதிப் பேர் போனார்கள். மிச்சம் இருப்பது மேபல் ஒருத்திதான். உலைக்கு நம் ஊரில் பெண் பெயர் வைத்ததே, கோபம் வந்தால் சமாதானப்படுத்தவே முடியாது என்பதற்காகத்தான் என்று அப்பா சொல்வார். அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை. ஒரு முறை ஆறினால் போயிற்று. உள்ளே இருக்கிற இரும்பு பாறையாக உறைந்துவிடும், அதன்பிறகு எந்தச் சாமி வந்தாலும் மூட்ட முடியாது.

புதியவரைக் கொழுக்கட்டை என்கிறாய். அக்டோபரில் அந்தக் கொழுக்கட்டை எங்கள் ஆலை வாசலில், கொட்டுகிற மழையில் வந்து நின்றது. பொருந்தாத ஹெல்மெட் ஒன்று, தலையில் ஆடிக்கொண்டிருந்தது. என் தோளில் கையைப் போட்டு, "நான் இருக்கிற வரைக்கும் இந்த உலை ஆறாது" என்றார். இதே காதால் கேட்டேன். பேப்பரில் படமும் வந்தது. உங்கள் சர்க்கரை வாய்க்காரர் இத்தனை வருஷத்தில் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறாரா?

நீ கதவைத் திறந்துகொண்டே இரு. அவர்கள் எங்கள் கதவை மூடிக்கொண்டே இருக்கட்டும்.

கிறிஸ்துமஸுக்கு வர வேண்டாம். உன்னைக் கூட்டிக்கொண்டு இந்த ஊரில் என்னால் தெருவில் நடக்க முடியாது.

ஹவெல்


லண்டன்
டிசம்பர் 18

அன்புள்ள ஹவெலுக்கு,

வர வேண்டாம் என்றாய், வரவில்லை. எழுத வேண்டாம் என்று நீ சொல்லவில்லை. இத்துடன் ஒரு கேக் வருகிறது. அம்மாவின் கைப்பக்குவம்தான், பிராந்தி மட்டும் கொஞ்சம் தாராளம். கேக்குக்குக் கட்சி கிடையாது, சாப்பிடு.

செவ்வாயும் வியாழனும் எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது. நீ எழுதியதைப் படித்துவிட்டு அந்த நாலு வரியை எடுத்துப் பார்த்தேன். திரும்பவும் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இங்கே மாடிப்படிச் சுவரில், இதுவரை இருந்த பிரதமர்களின் படங்கள் வரிசையாகத் தொங்கும். ஒருவர் போனதும் அவர் படத்தை உச்சியில் மாட்டுவார்கள். அதற்கு இடம் விட மற்ற எல்லாப் படங்களும் ஒவ்வொரு படி கீழே இறங்க வேண்டும். போன வாரம் அந்த வேலை நடந்தது. பழையவர் இப்போது மேல்படியில் இருந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். புதியவர் தினமும் அந்த வழியாகத்தான் தூங்கப் போகிறார். ஒரு நாள்கூட நிமிர்ந்து பார்த்து நான் பார்க்கவில்லை.

உன் பக்கம் ஒரு ஓட்டுப் போடுகிறேன், கேட்டுக்கொள். பழையவர் தினமும் காலையில், "முட்டி எப்படி இருக்கு, நெரிஸ்?" என்று கேட்பார். வாசல் கூடம் முழுக்கக் கல் தரை. கதவு திறக்கும்போதெல்லாம் தெருக்காற்று என் முட்டிக்குத்தான் முதலில் வணக்கம் சொல்லும். "உங்களுக்கு இங்க ஒரு ஹீட்டர் போடச் சொல்றேன்" என்று போன குளிர்காலத்தில் சொன்னார். அதற்கு முந்தின குளிர்காலத்திலும் சொன்னார். கேள்விதான் வந்தது, ஹீட்டர் வரவில்லை. சர்க்கரை என்று எழுதினால் வாய் இனிக்குமா?

புதியவர் எதையும் கேட்பதில்லை. பெட்ரா புலம்புகிறாள்: "இவர் நல்லவரா கெட்டவரான்னே புரியல நெரிஸ். சாப்பாடு நல்லாருக்குன்னும் சொல்ல மாட்டேங்கறாரு, நல்லா இல்லன்னு திருப்பி அனுப்பவும் மாட்டேங்கறாரு." எப்போது பார்த்தாலும் கையில் ஒரு தாள், நடந்துகொண்டே படிப்பு.

கிறிஸ்துமஸ் அன்று நானே வாசல் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் தனியாக உட்கார்ந்து வான்கோழியைப் பார்ப்பதற்கு இது மேல்.

உன் அக்கா,
நெரிஸ்


அபர்மோர்
ஜனவரி 25

அக்கா,

கேக்கைத் திருப்பி அனுப்பத்தான் இருந்தேன். மைர் அதற்குள் வெட்டிவிட்டாள். நன்றாகத்தான் இருந்தது.

சண்டையை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன். எனக்கு வேறு வழி இல்லை.

கம்பெனியிலிருந்து எல்லோருக்கும் கடிதம் வந்திருக்கிறது. பிப்ரவரி முடிவதற்குள் தானாக விலகிக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டால் முழு இழப்பீடு. ஒரு வீட்டுக் கடனை அடைத்துவிட்டு மூச்சு விடுகிற அளவுக்கு வரும். கையெழுத்துப் போடாமல் இருந்து, அதற்கப்புறம் உலையை மூடினால் சட்டப்படி உள்ள குறைந்தபட்சம்தான். அது ஒரு குளிர்காலத்துக்குக்கூடக் காணாது.

எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டால், "ஆட்களே போக விரும்புகிறார்கள், நாங்கள் என்ன செய்ய?" என்று கம்பெனி சொல்லும். பிரதமருக்கும் அது சௌகரியம், கொடுத்த வாக்கு தானாகக் கழன்றுவிடும். நாங்கள் உறுதியாக நின்றால்தான் அவர் சொன்னதைச் செய்தாக வேண்டும். இது எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் செய்யாவிட்டால்? அமைச்சகத்துக்கு எழுதினால் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே வரியைத் திருப்பித் திருப்பி அனுப்புகிறார்கள்.

அடுத்த மாதம் சங்கக் கூட்டம். நான் எழுந்து, உறுதியாக நில்லுங்கள் என்றோ கையெழுத்துப் போடுங்கள் என்றோ ஒன்றைச் சொல்ல வேண்டும். உலையில் என்னோடு வேலை செய்கிற ஓவைனை உனக்கு ஞாபகம் இருக்கும், அம்மாவின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவன். போன வருஷம்தான் வீடு வாங்கினான், மனைவிக்கு ஏழாம் மாதம். நேற்று என்னிடம் வந்து, "போடட்டுமா வேணாமா ஹவெல்? நீ என்ன சொல்றியோ அதான்" என்றான். ஹெல்மெட்டைத் தேடுகிறமாதிரி அங்கிருந்து நகர்ந்துவிட்டேன்.

நீ அந்த மனுஷனைத் தினமும் பார்க்கிறாய். ரகசியம் எதுவும் கேட்கவில்லை. யார் வந்தார்கள், யார் போனார்கள், என்ன பேசினார்கள், ஒன்றும் வேண்டாம். ஒன்றே ஒன்று. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ரகமா, இல்லையா? உன் மனசுக்கு என்ன படுகிறது?

தம்பி,
ஹவெல்


லண்டன்
பிப்ரவரி 2

என் ஹவெலுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் எழுதியதில், முடியாது என்று எழுதியிருந்தேன். வேலைக்குச் சேரும்போது ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்த வீட்டில் கண்டதும் கேட்டதும் இந்த வீட்டோடு. காலையில் உள்ளே நுழையும்போதே போனைக்கூட ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் நிற்கிறோம். இதுவரை பெட்ராவைப் பற்றிக்கூட உன்னைத் தவிர யாருக்கும் எழுதியதில்லை.

ஆனால் நீ கேட்டது ரகசியம் இல்லை. என் முட்டியைப் பற்றி எழுத எனக்கு உரிமை இருக்கிறது, அதை எழுதுகிறேன்.

போன மாத ஆரம்பத்தில் ஒரு நாள் சாரல் அடிக்கிற நேரத்தில் அவர் வந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் மனிதர் போகாமல் நிற்கிறார். கையில் தாள் இருந்தது, கண் தாளில் இல்லை. என் முட்டியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். இத்தனை மாதத்தில் அவர் என் பக்கம் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரம் ஹீட்டர் வந்துவிட்டது! நான் நிற்கிற இடத்துக்கு நேராக, சுவரோரமாக, புத்தம்புதிது. இந்தக் கூடத்தில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமானால்கூட மூன்று அலுவலகங்களில் கேட்க வேண்டும். பழையவர் இரண்டு குளிர்காலம் வாயால் போட்ட ஹீட்டரை இவர் வாயைத் திறக்காமலே போட்டுவிட்டார். மறுநாள், "ரொம்ப நன்றி சார்" என்றேன். எதற்கு என்று தெரியாதவர்போல என்னைப் பார்த்துவிட்டுப் போனார். செய்ததைச் சொல்லிக் காட்டாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், ஹவெல். பேசுகிறவர் செய்யவில்லை. செய்கிறவர் பேசுவதில்லை. கிழவியின் முட்டியைப் பார்த்துவிட்டு மறக்காமல் போன மனிதர், உன் தோளில் கையைப் போட்டுச் சொன்னதை மறப்பாரா? என் மனசுக்குப் பட்டதைக் கேட்டாய். நம்பலாம் என்று படுகிறது.

படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. ஓவைனின் மனைவிக்கு என் அன்பைச் சொல்.

அக்கா


லண்டன்
மார்ச் 9

ஹவெல்,

போனை எடு. தயவுசெய்து எடு. மைராவது எடுக்கட்டும்.

சமையலறை ரேடியோவில் கேட்டேன். மேபலையும் மூடப் போகிறார்களாம்; அவர் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று, "முந்தைய அரசு போட்ட ஒப்பந்தம் எங்கள் கையைக் கட்டிவிட்டது, வேறு வழி இல்லை" என்று சொல்கிறார். அதே குரலில், அடுத்த வரியில் பால் விலையைப் பற்றிப் பேசுகிறார். பெட்ரா என் கையிலிருந்து கோப்பையை வாங்கி வைத்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து அவர் திரும்பி வந்தார். நான்தான் கதவைத் திறந்தேன். திறக்காமல் இருக்கலாமா என்று ஒரு நொடி நினைத்தேன், சிரிக்காதே, உண்மையாகவே நினைத்தேன். திறந்தேன். உள்ளே வந்தவர் என் முகத்தைப் பார்த்து, "தேங்க் யூ" என்றார். இத்தனை நாளில் முதல் தடவை.

நீ கூட்டத்தில் என்ன சொன்னாய்? ஓவைன் கையெழுத்துப் போட்டானா? அதை மட்டும் எழுது. திட்டியாவது எழுது.

நெரிஸ்


அபர்மோர்
மார்ச் 17

நெரிஸுக்கு,

போடவில்லை. ஓவைன் போடவில்லை. நான் போட வேண்டாம் என்றேன், அவன் போடவில்லை. போன வாரம் பெண் குழந்தை பிறந்தது. நான் பார்க்கப் போனேன். கதவைத் திறந்தவன் என்னைப் பார்த்துவிட்டு, "தூங்குறா" என்று சொல்லித் திரும்பச் சாத்திவிட்டான்.

கூட்டத்தில் நான் நன்றாகப் பேசினேன். அதுதான் கொடுமை. "வாக்குக் கொடுத்திருக்காரு, நாம நின்னா அவரும் நிப்பாரு" என்றேன். எல்லோரும் கை தூக்கினார்கள். கை தூக்கிவிட்டுப் போய் ரகசியமாகக் கையெழுத்துப் போட்டவர்களும் உண்டு, ட்ரெவர் போட்டிருக்கிறான். புத்திசாலி. என்னை நம்பியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

செய்தி வந்த அன்று கிளப்பில் எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். "யாரக் கேட்டு நிக்கச் சொன்னே? லண்டன்ல ஆள் வெச்சிருக்கியே, அவங்களக் கேட்டியா?" என்று ட்ரெவர் கேட்டான். "என் புத்தியக் கேட்டேன்" என்றேன். உன் கடிதத்தை வந்த அன்றே எரித்துவிட்டேன், கவலைப்படாதே. உன் பெயர் இதில் வராது. இப்போது என் மேஜையில் யாரும் உட்காருவதில்லை.

உன்னைக் குற்றம் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. கேட்கிறேன், சொல். அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நின்று நீ என்னதான் பார்த்தாய்?

ஹவெல்


லண்டன்
மார்ச் 28

ஹவெலுக்கு,

என்ன பார்த்தேன் என்று கேட்டாய். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

உன் கடிதம் வந்த மறுநாள், ஹீட்டரை மாட்டிய ஸ்டோர்க்காரர் ரோலண்டைப் பிடித்தேன். "இதப் போடச் சொல்லி உங்ககிட்ட யாரு சொன்னா? அவரேவா, அவரோட ஆபீஸா?" என்று கேட்டேன்.

"எவரு?"

"இப்ப இருக்கறவர்."

ரோலண்ட் சிரித்தார். "அவருக்கு இங்க ஹீட்டர் இருக்கறதே தெரியாதும்மா. இது பழைய சாரோட வேலை. காலி பண்ற அன்னைக்குக் காலைல கூப்பிட்டு, 'நெரிஸுக்கு ஹீட்டர் போடணும்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டே இருக்கேன், இத மட்டுமாவது முடிச்சுக் குடுங்க'ன்னாரு. அனுமதி எல்லாம் வாங்கி முடிக்க ஜனவரி ஆயிடுச்சு."

நான் பதம் பார்த்த சோறு வேறு பானைச் சோறு, ஹவெல். அன்றைக்கு அவர் என் முட்டியைப் பார்த்து நின்றது எதற்கு என்று எனக்குத் தெரியாது. எதையாவது யோசித்துக்கொண்டு நின்றிருப்பார். கண் எங்காவது இருக்க வேண்டுமே, என் முட்டியில் இருந்திருக்கிறது. அந்த ஒரு பார்வையை வைத்துக்கொண்டு உன் ஊரையே அடகு வைக்கச் சொன்னேன்.

இப்போது இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், நீ அந்த இரண்டு தாள்களை வைத்துப் பார்த்ததுபோல. எனக்கு ஹீட்டர் போட்டதும் பழையவர், உலையை மூட ஒப்பந்தம் போட்டதும் பழையவர். புதியவர் ஒன்றையும் கொடுக்கவில்லை, ஒன்றையும் தடுக்கவில்லை. வருவதை வரவிட்டார். ஒருவர் மனிதர்களைப் பார்த்தார், ஊரைப் பார்க்கவில்லை. இன்னொருவர் எதைப் பார்க்கிறார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இவர் படமும் ஒரு நாள் மாடிப்படி உச்சியில் மாட்டப்படும், பழையவர் ஒரு படி கீழே இறங்குவார். வாசலில் நிற்கிறவளுக்கு அவ்வளவுதான் தெரியும். அதற்கு மேல் தெரிந்ததுபோல உனக்கு எழுதியது என் திமிர்.

ஹீட்டரை அணைத்துவிட்டேன். ரோலண்ட் வந்து, பழுதா என்று பார்த்தார். பழுதில்லை என்றேன். இந்த மார்ச் மாதக் காற்று முட்டிக்குள் புகுந்து போகிறது, போகட்டும்.

மேபலின் கடைசி நாளுக்கு நான் வரட்டுமா? தெருவில் என்னோடு நடக்க வேண்டாம். பின்னால் எங்காவது நிற்கிறேன்.

நெரிஸ்


அபர்மோர்
ஏப்ரல் 12

அக்கா,

வா என்று உனக்கு எழுதாதது கோபத்தால் இல்லை. உன்னை யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால், நான் அடிதடியில் இறங்கியிருப்பேன். அன்றைக்கு அது வேண்டாம் என்று நினைத்தேன்.

நேற்று மேபலிடம் கடைசி இரும்பை இறக்கினோம். உலையின் வாயைத் திறந்துவிட்டது ஓவைன். அவன் இன்னும் என்னோடு பேசவில்லை, ஆனால் வேலைக்குக் குறுக்கே அதைக் கொண்டு வரவில்லை. கால்வாயில் உருகிய இரும்பு ஓடி வந்தபோது, எத்தனையாயிரம் தடவை பார்த்த அந்தச் சிவப்பை எல்லோரும் புதிதாகப் பார்க்கிறவர்கள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிவிக்காரர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். ஓட்டம் மெலிந்து, நூலாகி, நின்றது.

கால்வாய்க்கு இரண்டு பக்கமும் வரிசையாக நின்றுகொண்டிருந்தோம். அப்படி நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, கால்வாய் நடுவில் ஓடுவதால் அப்படித்தான் நிற்க முடியும். அப்போது யாரோ கைதட்டினார்கள். ட்ரெவர் என்றுதான் நினைக்கிறேன். அவன் இழப்பீடு வாங்கிக்கொண்டு போனவன், கடைசியாகப் பார்க்க வந்திருந்தான். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். தடித்த கையுறைகளோடு தட்டினோமா, பெரிதாகச் சத்தம்கூட வரவில்லை. இந்த ஊருக்கே சோறு போட்டவள், அப்பாவின் நுரையீரலைத் தின்றவள். அவளுக்கு ஏன் தட்டுகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதை டிவியில் காட்டினார்களாமே, மைர் சொன்னாள். நீயும் பார்த்திருப்பாய்.

அப்போதுதான் உன்னை நினைத்தேன். நவம்பரில் நீ எழுதியதை அன்றைக்கு நான் படித்தேன், நேற்றுத்தான் புரிந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அக்கா. உங்கள் வீட்டில் ஒரு மணி நேரத்தில் அடுத்தவர் வந்துவிடுவார். நாங்கள் தட்டி முடித்துவிட்டு, யாரோ வரப்போகிறார்கள் என்பதுபோல அந்த வரிசையிலேயே வெகுநேரம் நின்றோம். யாரும் வரவில்லை. கால்வாய் கறுத்துக்கொண்டே வந்தது. அப்புறம் ஒவ்வொருவராக ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கினோம்.

சாயங்காலம் கிளப்புக்குப் போனேன். என் மேஜையில் ஒரு டிஷ்யூ பெட்டி இருந்தது. இந்த முறை மேலே ஒன்றும் எழுதவில்லை. கிண்டலா, ஆறுதலா, வைத்தது யார், தெரியவில்லை. இரண்டு தாள் எடுத்துக்கொண்டேன்.

மே மாதம் வா. நேராக வா, தெருவில் என்னோடு நடந்து வா. சொல்கிறவன் சொல்லட்டும்.

போய் அந்த ஹீட்டரைப் போடு. உன் முட்டி என்ன பாவம் செய்தது? அவர் ஒன்று சொன்னார், இவர் ஒன்று சொன்னார். நம் குடும்பத்துக்கு அந்த இரண்டு பேரும் கொடுத்த வாக்கில் காப்பாற்றப்பட்டது அது ஒன்றுதான். அதையும் நீயே அணைத்துவிட்டால் எப்படி?

உன் தம்பி,
ஹவெல்